அமெச்சூரிலிருந்து புரோவுக்கு: 63.5 கிலோ பையனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் வந்திருக்கிறது, கையெழுத்துக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஜாப்_முதலில்

வணக்கம். அமெச்சூர் குத்துச்சண்டை நன்றாகத் தெரியும், புரோ பக்கத்து நடைமுறை தெரியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பையனுக்கு வயது 22. 63.5 கிலோ பிரிவில் 58 சண்டை, 46 வெற்றி. ஆர்த்தடாக்ஸ், அதாவது இடதுகை முன்னால், வலதுகை பின்னால். ஜாபும் (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து) கால் வேகமும் நன்றாக இருக்கும், ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கிற கனம் இல்லை. போட்டி இல்லாத நாட்களில் 71 கிலோ இருப்பான்.

ஒரு ப்ரொமோட்டரிடமிருந்து ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஐந்து வருடம். மேனேஜராகவும் அவரே இருப்பாராம். வருடத்துக்கு எத்தனை சண்டை என்று எண் எதுவும் இல்லை, "வாய்ப்புக்கு ஏற்ப" என்று மட்டும் போட்டிருக்கிறது. புரோவில் எடை முந்தின நாளே பார்த்துவிடுவதால் 61.2 கிலோ லைட்வெயிட்டுக்கு இறங்கலாம், அங்கே இவன் உயரம் கைகொடுக்கும் என்கிறார்.

என் கேள்விகள்: 61.2 சரியா? பயிற்சியில் எதை மாற்ற வேண்டும்? முதல் பத்து சண்டையை எப்படித் திட்டமிடுவது? ஒப்பந்தத்தில் எந்த வரிகளைத் திருத்தச் சொல்ல வேண்டும்?

நான்காவது_ரவுண்டு

கோச், எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் மற்ற எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது.

71-லிருந்து 61.2 என்றால் 9.8 கிலோ, உடம்பில் கிட்டத்தட்ட 14 சதவீதம். வேண்டாம். 63.5-க்கே 7.5 கிலோ, அதாவது பத்து சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டியிருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் போதும். புரோவில் அது சூப்பர் லைட்வெயிட், 140 பவுண்டு. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் உடம்பு முற்றி 147 பவுண்டு வெல்டர்வெயிட்டுக்கு, அதாவது 66.7 கிலோவுக்குப் போய்விடுவான். இப்போது கீழே இறக்கிப் பழக்கினால் அந்த வளர்ச்சியோடு ஒவ்வொரு கேம்பிலும், அதாவது சண்டைக்கு முந்தின பயிற்சிக் காலத்திலும், மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அமெச்சூரில் போட்டி நாள் காலையிலேயே எடை பார்ப்பதால் யாரும் ரொம்ப உலர்த்த முடியாது. புரோவில் எடை பார்ப்பதற்கும் மணி அடிப்பதற்கும் இடையே 24 முதல் 30 மணி நேரம் இருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ஆசை வருகிறது. ஆனால் உடம்பு எடை திரும்பிவிட்டது என்பதாலேயே மூளையைச் சுற்றியிருக்கும் திரவமும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வறண்ட உடம்போடு தலையில் குத்து வாங்குவதுதான் இந்த விளையாட்டிலேயே ஆபத்தான நிலை. அது போக, கால் முதல் ரவுண்டிலேயே கனக்கும். இந்தப் பையனின் ஆயுதமே கால்தான்.

நடைமுறைக்கு ஒத்துவரும் திட்டம் ஒன்று சொல்கிறேன். எட்டு வாரம் முன்பு 71. வாரத்துக்கு அரை கிலோ வீதம் கொழுப்பாக இறக்கினால் சண்டை வாரத்தில் 67. புரதத்தைக் குறைக்க வேண்டாம், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராம் அளவு இருக்கட்டும். மீதி 3.5 கிலோவில் பெரும்பகுதி வியர்வை இல்லாமலே போகும். கடைசி மூன்று நான்கு நாள் மாவுச்சத்தை 50 கிராமுக்குள் வைத்தால் தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜனும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் இறங்கும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதே நாட்களில் நார்ச்சத்து குறைந்த உணவு கொடுத்தால் குடல் காலியாகி இன்னொரு அரை கிலோ. உப்பையும் குறைத்தால் கடைசி இரவில் வியர்க்க வேண்டியது ஒன்று, ஒன்றரை கிலோதான். அதற்கு மேல் வியர்வையில் எடுக்க வேண்டியிருந்தால் முந்தின எட்டு வாரம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம்.

உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி தன் பட்டப் போட்டிகளுக்கு 30 நாள் முன்னால் வரம்பைவிட 10 சதவீதம், 7 நாள் முன்னால் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று பார்க்கிறது. 63.5-க்கு அது 69.8, 66.7. பட்டம் எல்லாம் பின்னால் வரட்டும், இந்த இரண்டு எண்ணையும் இப்போதே சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்த்தவுடன்: முதல் அரை மணிக்குள் 600 முதல் 900 மில்லி, சோடியம் உள்ள திரவமாக. பிறகு அரை மணிக்கு ஒரு தடவை 250, 300 மில்லி. மொத்தம் இழந்ததைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் சிறுநீராகப் போய்விடும், தலைவலியும் வரும். மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக, வழக்கமாகச் சாப்பிடும் உணவாகவே கொடுங்கள். பசியில் எண்ணெய் பலகாரத்தைக் கண்டபடி சாப்பிட்டுவிட்டு மறுநாள் வயிற்றுப்போக்கோடு ரிங்குக்குப் போனவர்கள் நிறைய. நீர் மாத்திரை கூடவே கூடாது, ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது. நரம்பு வழியாக டிரிப் ஏற்றுவதும் 12 மணி நேரத்துக்கு 100 மில்லிக்கு மேல் போனால் வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) விதிப்படி குற்றம்.

பயிற்சி: அமெச்சூரில் மும்மூன்று நிமிடமாக மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிடம் முழு வேகத்தில் ஆடப் பழகியவன், புரோவின் நாலு ரவுண்டில் 12 நிமிடத்துக்கு அதே வேகத்தில் போனால் கடைசி ரவுண்டில் கை இறங்கும். வேகத்தைக் குறை என்று சொன்னால் பையனுக்குப் புரியாது. குத்துகளைக் கூட்டமாக வைக்கச் சொல்லுங்கள்: மூன்று நான்கு குத்து, விலகல், பத்து நொடி ஜாப் மட்டும், மறுபடி. பாடி ஷாட்டை (வயிறு, விலாவில் குத்துவது) இரண்டு மடங்காக்குங்கள். நாலு ரவுண்டில் அதன் பலன் அவ்வளவாகத் தெரியாது, எட்டு ரவுண்டுக்குப் போகும்போது தெரியும். கிளிஞ்சில், அதாவது இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது, எதிராளியின் முழங்கைக்கு உள்பக்கம் கையைக் கொண்டுபோவது, தோளால் தாடையை நிமிர்த்துவது, தன் எடையை அவன் கழுத்தில் சாய்ப்பது எல்லாம் தனிப் பாடமாக வாரம் இரண்டு நாள். அமெச்சூரில் ரெஃபரி உடனே பிரித்துவிடுவார், புரோவில் விட்டுப் பார்ப்பார்.

அமெச்சூரில் போல நின்றபடியே எட்டு எண்ணுவது புரோவில் பெரும்பாலும் கிடையாது. தடுமாறினால் எதிராளி உள்ளே வந்துகொண்டே இருப்பான். விழுந்தால் எட்டு வரை ஒரு முழங்காலில் இருந்து மூச்சு வாங்கி எழச் சொல்லுங்கள். வெட்கத்தில் மூன்றிலேயே துள்ளி எழுந்து மறுபடி விழுகிறவர்கள்தான் அதிகம். நாலு ரவுண்டு சண்டையில் ஒரு முறை விழுந்தால் வழக்கமான 10-9 புள்ளிக்குப் பதில் அந்த ரவுண்டு 10-8, மீதி மூன்றையும் ஜெயித்தால்தான் 38-37. ஒன்றை விட்டாலும் தோல்வி. இந்தக் கணக்கு அவனுக்கு ரிங்குக்குள் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பாரிங் 16 அவுன்ஸ் கையுறையில், வாரம் இரண்டு நாள் போதும். இரண்டு ரவுண்டுக்கு ஒரு புது ஆளாக மாற்றி ஆறு ரவுண்டு. கடைசிக் கடும் ஸ்பாரிங் சண்டைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால். அதற்குப் பிறகு பேட், நிழல் குத்து, வேகம் மட்டும். நாலு ரவுண்டு அறிமுகச் சண்டைக்கு ஆறு வாரக் கடும் பயிற்சி போதும். எடைக்கான முதல் இரண்டு வாரத்தை அதற்கு முன்னால் சாதாரணப் பயிற்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பர்ஸ்_கணக்கு

எடையை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைப் பற்றி.

முதலில், ப்ரொமோட்டரும் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ப்ரொமோட்டர் நிகழ்ச்சி நடத்துகிறவர், பாக்ஸருக்குக் கொடுக்கிற பர்ஸ், அதாவது சண்டைக்கான சம்பளம், அவருக்குச் செலவு. மேனேஜரின் வேலை அந்தப் பர்ஸை ஏற்றுவதும் தவறான எதிராளியை மறுப்பதும். இரண்டும் ஒருவரே என்றால் மறுக்க ஆளே இல்லை. அமெரிக்காவில் 2000-ல் வந்த முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பத்து ரவுண்டும் அதற்கு மேலும் ஆடும் பாக்ஸர்களுக்குத்தான் பொருந்தும். நாலு ரவுண்டுக்காரனுக்கு அங்கேயே அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், ஒப்பந்தத்திலேயே பிரியுங்கள்.

இப்போது வரிவரியாக. காலம்: ஐந்து வருடத்தை மூன்றாக்கக் கேளுங்கள், அல்லது இரண்டு வருடமும் அதன்பின் இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டும் ஒரு வருட நீட்டிப்பும். பாக்ஸருக்கு 22 முதல் 27 வரை உள்ள வருடங்கள் திரும்பி வராது. "வாய்ப்புக்கு ஏற்ப" என்ற சொல்லை எடுத்துவிட்டு எண் போடச் சொல்லுங்கள்: பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது நான்கு சண்டை, தராவிட்டால் ஒவ்வொரு தவறிய சண்டைக்கும் குறைந்தபட்சப் பர்ஸ், தொடர்ந்து ஆறு மாதம் சண்டை இல்லாவிட்டால் பாக்ஸர் எழுத்தில் அறிவித்து வெளியேறலாம். குறைந்தபட்சப் பர்ஸ் 4, 6, 8, 10 ரவுண்டுக்குத் தனித்தனியாக இருக்கட்டும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் நீட்டிப்புப் பிரிவு. "காயத்தால் ஆடாத காலம் ஒப்பந்தக் காலத்தோடு சேரும்", "பட்டம் வென்றால் பட்டக் காலம் முழுவதும் ப்ரொமோட்டருக்கே" என்று இரண்டு வரி இருக்கும். இரண்டும் சேர்ந்தால் மூன்று வருட ஒப்பந்தம் ஆறு வருடம் ஓடும். காய நீட்டிப்புக்கு ஆறு மாதம், பட்ட நீட்டிப்புக்கு ஒரு வருடம் என்று உச்சவரம்பு போடுங்கள். காலம் முடிந்த பிறகு வேறு எவர் கொடுத்தாலும் அதே விலைக்கு அவர் எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 60 அல்லது 90 நாளுக்குள் அது காலாவதியாக வேண்டும்.

வெளியேறும் விலையையும் இப்போதே எழுதிவிடுவது நல்லது. ஃப்ளாய்ட் மேவெதர் 2006-ல் டாப் ராங்க் என்ற ப்ரொமோட்டர் நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து வெளிவர 7,50,000 டாலர் கட்டினார். பின்னால் அவர் சம்பாதித்ததைப் பார்த்தால் அது சிறு தொகை, ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கதவு இருந்ததால்தான் அது முடிந்தது.

பர்ஸ் 100 என்றால் கைக்கு எவ்வளவு? மேனேஜர் 20 முதல் 25. குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்தும் கமிஷன்கள் பல 33.33-ஐ உச்சவரம்பாக வைத்திருக்கின்றன, அதனால் சிலர் நேரே 33 கேட்பார்கள். பயிற்சியாளர் 10. கட்மேன் (சண்டைக்கு நடுவே வெட்டுக் காயத்தைப் பார்ப்பவர்) இரண்டு மூன்று. பட்டப் போட்டி என்றால் பட்ட அமைப்புக்குச் சுமார் 3. இவையெல்லாம் மொத்தப் பர்ஸிலிருந்தா, செலவு போனதிலிருந்தா என்பதை எழுதுங்கள், வித்தியாசம் பெரியது. இதற்குப் பிறகுதான் வரி, லைசென்ஸ், மருத்துவப் பரிசோதனை, ஸ்பாரிங் ஆட்களின் சாப்பாடும் தங்கலும். முதல் எட்டுப் பத்து சண்டை வரை பாக்ஸர் கையில் நிற்பது சொற்பம். வேறு வேலையை விட வேண்டாம் என்று பையனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நாலு ஆறு ரவுண்டு காலத்தில் மேனேஜர் பங்கு எடுப்பதில்லை என்ற ஏற்பாட்டை நல்ல மேனேஜர்கள் ஒப்புக்கொள்வார்கள். கேட்டுப் பாருங்கள்.

சிறு அரங்க நிகழ்ச்சிகளில் இன்னொரு முறை: பாக்ஸரே டிக்கெட் விற்க வேண்டும், அந்தப் பணத்தில்தான் எதிராளியின் பர்ஸும் அவர் பயணமும். அப்படி ஒரு பிரிவு இருந்தால் டிக்கெட் விற்காத பழியும் நஷ்டமும் யார் தலையில் என்று தெளிவாக இருக்க வேண்டும். சண்டைக்கு முந்தின வாரம் டிக்கெட்டோடு அலைகிற பாக்ஸர் ஓய்வே எடுக்க மாட்டான்.

கையெழுத்துக்கு முன் விளையாட்டு ஒப்பந்தம் பார்த்த வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். ப்ரொமோட்டர் பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம்.

ஜாப்_முதலில்

இருவருக்கும் நன்றி. 63.5-லேயே இருக்கிறோம். ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிறோம், மேனேஜர் தனி ஆள் என்ற நிபந்தனையோடு.

எதிராளி தேர்வு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. "முதல் பத்தும் நாக் அவுட்டாக இருந்தால் மதிப்பு ஏறும்" என்கிறார்கள். அப்படியா?

சவுத்பா_கணக்கு

பத்தும் முதல் ரவுண்டிலேயே முடிந்தால் பையன் கற்றுக்கொண்டது ஒன்றும் இருக்காது. பதினொன்றாவது ஆள் விழாமல் நாலாவது ரவுண்டுக்கு வரும்போது இவனுக்கு அங்கே என்ன செய்வதென்றே தெரியாது. மதிப்பு ஏறுவது பேப்பரில்தான். பாக்ஸ்ரெக் என்ற சண்டைப் பதிவுத் தளத்தைப் பார்க்கிற எந்த மேட்ச்மேக்கரும் (எதிராளிகளை ஜோடி சேர்ப்பவர்) எதிராளிகளின் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்.

அறிமுகச் சண்டைக்கு, நாற்பது ஐம்பது தோல்வி இருந்தாலும் அரிதாகவே விழுந்திருக்கிற ஜர்னிமேன் (பட்டத்துக்காக இல்லாமல் தொழிலாக ஆடிவரும் அனுபவசாலி) ஒருவர் நல்லது. அவருக்குத் தடுக்கவும் கட்டிப்பிடிக்கவும் நேரம் கடத்தவும் தெரியும். நாலு ரவுண்டும் போகும், பையன் பாடம் படிப்பான். இரண்டாவது மூன்றாவதில் குட்டையான, உள்ளே நுழைந்து பாடியில் குத்துகிற ஆள். இவனுக்குக் கால்தான் பலம் என்றால் கயிற்றோரம் தள்ளப்படும் அனுபவம் சீக்கிரமே வேண்டும். அப்புறம் ஒரு இடதுகைக்காரர். இடதுகைக்காரருக்குக் குறைந்தது மூன்று வாரம் இடதுகை ஸ்பாரிங் ஆட்கள் வேண்டும். நான்கு நாள் முன்னால் எதிராளி மாறி இடதுகைக்காரர் வருகிறார் என்றால் மறுத்துவிடுங்கள். அதற்குத்தான் தனி மேனேஜர்.

ரவுண்டு ஏற்றம் ஒரு உத்தேசம்: நாலு ரவுண்டில் நான்கைந்து சண்டை, ஆறு ரவுண்டில் நான்கு, பிறகு எட்டு. பத்து ரவுண்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து சண்டைக்குப் பிறகு. முதல் வருடம் ஐந்து சண்டை நல்ல வேகம். 1985-ல் மைக் டைசன் அறிமுகமான வருடமே 15 சண்டை ஆடினார், பெரும்பாலானவை சில நிமிடத்தில் முடிந்தவை, உடம்பு அடி வாங்கவில்லை. குத்துக் கனம் இல்லாத, ரவுண்டு முழுக்க ஆடுகிற பையனுக்கு அந்த வேகம் ஆகாது.

அமெச்சூரில் சாதித்தவன் என்பதற்காக அவசரப்பட வேண்டாம் என்பதற்கு லோமாசென்கோவைவிடப் பெரிய உதாரணம் இல்லை. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2014 மார்ச்சில் தன் இரண்டாவது புரோ சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு ஓர்லாண்டோ சலிடோவோடு ஆடி, புள்ளிகளில் பிளவுத் தீர்ப்பில் தோற்றார். சலிடோ எடை வரம்பைத் தாண்டி வந்தார், உள்ளே புகுந்து இடுப்புக்குக் கீழும் குத்தினார், கிளிஞ்சில் இழுத்தடித்தார். புரோ அனுபவம் என்றால் அதுதான். லோமாசென்கோ மூன்றாவது சண்டையிலேயே பட்டம் வாங்கிவிட்டார், ஆனால் அவர் அசாதாரணமானவர். 2012-ல் தங்கம் வாங்கிய ஆந்தனி ஜோஷ்வாவையே அவர் தரப்பு 16-வது சண்டையில்தான் உலகப் பட்டத்துக்கு விட்டது.

இன்னொன்று: தோல்வி வந்தால் எல்லாம் முடிந்தது என்ற பேச்சை நம்பாதீர்கள். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 1988-ல் அறிமுகச் சண்டையிலேயே தோற்றவர். பின்னர் மிடில்வெயிட் பட்டத்தை 20 தடவை காப்பாற்றினார், 2013-ல் 48 வயதிலும் உலகப் பட்டம் வென்றார். லோமாசென்கோவைத் தோற்கடித்த சலிடோவுக்கு அன்றைக்கே 12 தோல்விகள் இருந்தன. எப்படித் தோற்றான் என்பதுதான் முக்கியம். நெருக்கமான புள்ளித் தோல்வி ஒன்றும் செய்யாது. அடி வாங்கி விழுந்து, ஒரு மாதத்தில் மறுபடி ஸ்பாரிங் போனால் அதுதான் அழிவு.

பட்ட அமைப்புகள் பற்றியும் ஒரு வரி. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு. உலகப் பட்டத்துக்கு ஆட முதல் 15 இடத்துக்குள் வர வேண்டும், வட்டாரப் பட்டங்கள் அதற்கு வழி. ஆனால் ஏழு வெற்றி மட்டும் இருக்கிற 7-0 நிலையில் ஏதோ ஒரு பெல்ட்டுக்குக் கட்டணம் கட்டி எட்டு ரவுண்டுக்குத் தயாராகாதவனைப் பத்து ரவுண்டில் நிறுத்தாதீர்கள்.

வாசலின்_டப்பா

கார்னரும் (ரிங் மூலையில் பாக்ஸருக்கு உதவும் ஆட்களின் வேலை) மருத்துவமும் விடுபட்டிருக்கிறது.

கை முதலில். அமெச்சூரில் நாலரை மீட்டர் துணிப்பட்டை, 10 அவுன்ஸ் கையுறை. புரோவில் 147 பவுண்டு வரை பெரும்பாலான இடங்களில் 8 அவுன்ஸ், உள்ளே காஸும் (மெல்லிய மருத்துவக் கட்டுத் துணி) டேப்பும். இரண்டு அங்குல அகல மென்காஸ், ஒரு கைக்கு 20 கஜம் வரை என்பது பரவலான வரம்பு. முட்டியின் மேல் டேப் வரக் கூடாது. விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும், மடக்கி வைத்துச் சுற்றினால் முஷ்டி பிடிக்கும்போது ரத்தம் நின்று விரல் மரத்துப்போகும். சுற்றி முடித்து இருபது தடவை முஷ்டி பிடித்துத் திறக்கச் சொல்லி, நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுத்த நிறம் இரண்டு நொடிக்குள் சிவப்பாகத் திரும்ப வேண்டும். கேம்பின் கடைசி மூன்று வாரம் ஸ்பாரிங்குக்கும் காஸ்தான் சுற்ற வேண்டும், சண்டை நாளில் கைக்கு அது புதிதாக இருக்கக் கூடாது. நடுவிரல் முட்டி வலித்து வீங்கி, விரலை நீட்டும்போது தசைநார் ஓரமாக நழுவினால் சுளுக்கு என்று விடாதீர்கள், முட்டியின் மேலுறை கிழிந்திருக்கும். ஓய்வில் ஆறாதவை அறுவைக்குப் போகும்.

எதிராளி கை சுற்றும்போது உங்கள் ஆள் ஒருவர் அந்த அறையில் நிற்க வேண்டும், அது உங்கள் உரிமை. 2009 ஜனவரியில் மோஸ்லி-மார்கரிட்டோ சண்டைக்கு முன் மோஸ்லியின் பயிற்சியாளர் கவனித்ததால்தான் மார்கரிட்டோவின் கட்டுக்குள் இருந்த கடினமான பட்டை வெளியே வந்தது.

கட், அதாவது முகத்தில் வெட்டுக் காயம்: ரவுண்டுகளுக்கு இடையே ஓய்வு ஒரு நிமிடம், ஸ்டூல் போட்டு ஏறுவதும் இறங்குவதும் போனால் கட்மேனுக்கு 40 நொடி. உலர்ந்த காஸால் ஒரே தடவை துடைப்பு, உடனே 1:1000 அட்ரினலின் நனைத்த பஞ்சுக் குச்சி காயத்துக்குள், அதன் மேல் விரலால் நேர் அழுத்தம், அசைக்காமல் 30 நொடி. எட்டி எட்டிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஓடும். கடைசியில் வாசலின். வீக்கத்துக்குக் குளிர்ந்த எண்ட்ஸ்வெல் என்ற உலோகத் துண்டை வைத்து அழுத்துவது மட்டும், வீக்கத்தை ஓரமாகத் தள்ளினால் கண்ணுக்குக் கீழ் பரவும். மூக்கில் ரத்தம் வந்தால் சிந்தக் கூடாது. கண்குழி எலும்பில் விரிசல் இருந்தால் ஒரே சிந்தலில் காற்று புகுந்து கண் மூடிக்கொள்ளும். ரத்தத்தை நிறுத்தப் பயன்படும் மான்செல் கரைசல் பெரும்பாலான இடங்களில் தடை. பயிற்சியாளரே கட்மேன் வேலையும் பார்த்தால் பேச்சும் நிற்காது, ரத்தமும் நிற்காது. இரண்டு பேர் வேண்டும்.

கட் எதனால் வந்தது என்பதையும் அப்போதே ரெஃபரி அறிவிக்கும்படி பாருங்கள். குத்தால் வந்து சண்டை நின்றால் டெக்னிக்கல் நாக் அவுட் தோல்வி. தற்செயலாகத் தலை மோதி வந்து, நாலு ரவுண்டு முடியும் முன் நின்றால் பொதுவாக முடிவில்லாத சண்டை. அதற்குப் பின் நின்றால் அதுவரையான புள்ளிகள்.

பரிசோதனைகளை எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மூளை எம்ஆர்ஐ, கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனை. கடைசி வாரத்தில் ரிப்போர்ட் வராமல் சண்டை ரத்தாவது சாதாரணமாக நடக்கிறது. விழித்திரையைச் சும்மா பார்ப்பதில்லை, சுகர் ரே லியோனார்டுக்கு 1982-ல் விழித்திரை விலகி அறுவை செய்ய வேண்டியிருந்தது. முதல் எம்ஆர்ஐ எதிர்காலத்தோடு ஒப்பிட அடிப்படை, படங்களையே பத்திரப்படுத்துங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

டெக்னிக்கல் நாக் அவுட்டுக்குப் பிறகு வழக்கமாக 30 நாள், நாக் அவுட்டுக்கு 60 அல்லது 90 நாள் தடை. அது ஸ்பாரிங்குக்கும் சேர்த்துத்தான். உலகப் பட்டப் போட்டி பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டானதே ஒரு சாவுக்குப் பிறகுதான்: 1982 நவம்பரில் ரே மான்சினியோடு 14-வது ரவுண்டில் விழுந்த கிம் டுக்-கூ சில நாளில் இறந்தார், அடுத்த வருடமே டபிள்யூபிசி 12 ரவுண்டுக்கு மாறியது. ஆனால் ஒரு பாக்ஸரின் வாழ்நாளில் தலைக்கு விழும் குத்துகளில் பெரும்பகுதி ஜிம்மில் விழுவது. நான்காவது_ரவுண்டு சொன்ன ஸ்பாரிங் அளவைத் தயவுசெய்து மீறாதீர்கள்.

கயிற்றோரம்

இடையில் ஒரு கேள்வி. பெண் பாக்ஸருக்கும் இதே ஏற்பாடுதானா?

நான்காவது_ரவுண்டு

பெரும்பாலும் இதேதான், நேரம் வேறு. ரவுண்டு இரண்டு நிமிடம், பட்டப் போட்டி பத்து ரவுண்டு. அமெச்சூரில் மூன்று நிமிட ரவுண்டு ஆடியவர்களுக்கு புரோ ரவுண்டு குறுகியது, அதனால் முதல் முப்பது நொடியை அளந்து பார்ப்பதில் செலவழித்தால் ரவுண்டில் கால்வாசி போய்விடும். மணி அடித்ததும் ஜாபோடு உள்ளே போகப் பழக்குங்கள். ஸ்பாரிங்கையும் இரண்டு நிமிடக் கணக்கில் வைத்து எண்ணிக்கையைக் கூட்டலாம். மருத்துவத்தில் கர்ப்பப் பரிசோதனை சேரும். சண்டைகளின் எண்ணிக்கை பொதுவாகக் குறைவு என்பதால் ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இத்தனை என்ற எண் இன்னும் அவசியம்.

பர்ஸ்_கணக்கு

கோச், திருப்பி அனுப்பும் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, எதிராளி, எடை, ரவுண்டு எண்ணிக்கை மூன்றும் சண்டைக்கு 21 நாள் முன்னால் எழுத்தில் வர வேண்டும், மாறினால் பாக்ஸர் தரப்பு அபராதம் இல்லாமல் மறுக்கலாம். இரண்டு, சண்டையில் ஏற்படும் காயத்துக்கான மருத்துவக் காப்பீட்டின் தொகையும், காப்பீடு தாங்காத முதல் பகுதியை யார் கட்டுவது என்பதும். "காப்பீடு உண்டு" என்று மட்டும் இருந்தால் போதாது, பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.